தொண்ணூற்றொன்றாம் நாள்

எங்கள் வக்கீல் சங்கம் ஆண்டுமலர் போடுகிறது. ஒவ்வொருவரும் தொழிலில் கடந்துவந்த பாதையைப் பத்து வரியில் எழுதித் தர வேண்டுமாம். எனக்குப் பத்து வரி எதற்கு? விருதுநகர்க்காரன், அத்தாவுக்கு பஜாரில் கடலை எண்ணெய் வியாபாரம், மதுரையில் சட்டம் படித்தேன், கொலை கேஸுக்கு மனசு தைரியம் பத்தாது என்பதால் கம்பெனி வழக்குகள் பக்கம் ஒதுங்கினேன், பிழைத்துக் கிடக்கிறேன். நாலே வரி. முழு உண்மை.

அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் நெஞ்சு குறுகுறுக்கிறது. அந்த நாலு வரிக்குள் வராத ஒரு வழக்கு இருக்கிறது. என் தொழில் நிமிர்ந்ததே அந்த வழக்கில்தான். 'லேபிள் கேஸா, விருதுநகர்ல அந்த பாய் வக்கீல்கிட்டப் போங்க' என்று சிவகாசியில் நாலு பேர் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மலரில் எழுத முடியாது. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து நான்காம் வருடம். அதுவரைக்கும் எனக்கு வந்ததெல்லாம் சில்லறை வழக்குகள். அச்சாபீஸ்காரர் காலண்டரில் சாமி படத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார், ஆர்டர் கொடுத்தவர் சரக்கை எடுக்கமாட்டேன் என்கிறார், இப்படி. அந்த நேரத்தில்தான் சிவகாசியில் ஒரு பெரிய பட்டாசுக் கம்பெனி முதலாளி எனக்குச் சொல்லி அனுப்பினார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய பழைய வக்கீல் படுத்த படுக்கையாகிவிட்டார். என்னைச் சும்மா சோதித்துப் பார்க்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

விஷயம் இதுதான். அண்ணாச்சி கம்பெனிப் புஸ்வாணப் பெட்டியில் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சிறுமி கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். விஸ்வநத்தம் பக்கம் புதிதாகப் பட்டாசு போடுகிற ஒருவர் தன் பெட்டியிலும் மத்தாப்புப் பிடித்த ஒரு சிறுமியைப் போட்டிருந்தார். நீலப் பாவாடை. வடக்கே வியாபாரிகள் குழம்புகிறார்கள், அது நம் சரக்கு என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள் என்பது அண்ணாச்சியின் புகார். ஆனி மாதமே பழைய வக்கீல் ஒரு நோட்டீஸ் விட்டிருந்தார். அதைப் பார்த்துப் பயந்துபோய் அந்த மனிதர் கோர்ட்டில் ஒரு கேவியட் போட்டுவைத்திருந்தார்.

கேவியட் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 'என் மேல் இன்னார் வழக்குப் போடக்கூடும், போட்டால் என்னைக் கேட்காமல் எந்த உத்தரவும் போட்டுவிடாதீர்கள்' என்று முன்கூட்டியே கொடுத்துவைக்கிற மனு. அதன் ஆயுசு தொண்ணூறு நாள். அப்புறமும் பாதுகாப்பு வேண்டுமென்றால் புதிதாக இன்னொன்று போட வேண்டும். அதன் நகல் ஒன்று அண்ணாச்சிக்கும் பதிவுத் தபாலில் வந்து, பழைய வக்கீலின் கட்டோடு என் கைக்கும் வந்திருந்தது. நான் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்க ஒருதடவை நேர்ல போய்ப் பேசிப் பாருங்க” என்றார் அண்ணாச்சி. “சின்ன ஆளு. நம்மகிட்டப் பதினாலு வருசம் போர்மேனா இருந்தவன்தான். படத்தை மாத்திக்கிடச் சொல்லுங்க. வயித்துல அடிச்ச பாவம் நமக்கு வேண்டாம்.”

இதை அண்ணாச்சி சொன்னார். நன்றாக நினைவிருக்கிறது. பின்னால் நடந்ததற்கு அவரைக் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

எதிராளிக்கு ஒரு வக்கீல் இருக்கும்போது அவரை விட்டுவிட்டுக் கட்சிக்காரரை நேரே போய்ப் பார்ப்பது முறையில்லை. எங்கள் பக்கம் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆமத்தூர் வழியாக பைக்கை விட்டேன். காலைச் சோறு செரிப்பதற்குள் அவர் பட்டாசு ஆலையில் இருந்தேன்.

ஆலை என்றால் பயமுறுத்துகிற மாதிரி ஒன்றும் இல்லை. வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி ஏழெட்டு ஷெட். வாசலில் ஓட்டுச் சாய்ப்பாக ஓர் ஆபீஸ் அறை. அவர் நாற்பதைத் தாண்டியவர், கையில் அலுமினியத்தூள் பூசினாற்போல ஒரு சாம்பல் நிறம். அது கழுவினாலும் போகாது. அப்பா அம்மா காட்டு வேலைக்குப் போனவர்கள். இவர் எட்டு வயதில் தீப்பெட்டி ஒட்டப் போய், அப்புறம் பட்டாசுக்குப் போய், போர்மேனாகி, கடைசியில் சொந்த லைசென்ஸ் வாங்கியவர். அவருடைய சொந்தக்காரர்களில் ஆலை வைத்த முதல் ஆள் இவர்தான். அதை அவரே ரெண்டு தரம் சொன்னார்.

“வாங்க சார், வாங்க. வெயில்ல வந்திருக்கீக. ஒரு கலர் குடிக்கீகளா?” என்றார். நான் எதிராளி வக்கீல் என்று சொன்ன பிறகுதான் இந்த உபசாரம். அவர் மனைவி அதே அறையில் ஓரமாக உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

படத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். நீலப் பாவாடை கட்டின சிறுமி, கையில் கம்பி மத்தாப்பு, கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறாள். பெட்டி மேல் இருந்த அதே முகம்.

“எம் மக சார். திருக்கார்த்திகைக்கு எடுத்தது. இதைத்தான் அச்சாபீஸ்ல ஆர்டிஸ்ட்கிட்டக் கொடுத்து வரையச் சொன்னேன். அண்ணாச்சி படத்தை நான் எதுக்கு சார் காப்பி அடிக்கணும்? அவுக வீட்டுச் சோத்தைத் தின்னவன் நான்.”

போட்டோவின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் இருந்தன. ஆர்டிஸ்ட் பென்சிலில் போட்ட முதல் வரைபடத்தைக்கூட வைத்திருந்தார். எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இந்த மனிதரை ஒரு நீதிபதி அரைமணி நேரம் உட்காரவைத்துக் கேட்டால் போதும், நம் வழக்கு அம்பேல்.

கலரை உறிஞ்சிக்கொண்டே சுவரைப் பார்த்தேன். பட்டாசு ஆலை ஆபீஸ் சுவர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெடிமருந்து லைசென்ஸ், ஒரு ஷெட்டுக்கு எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்று சகலத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்த வரிசையில், லைசென்ஸுக்குப் பக்கத்தில், அதே மாதிரிச் சட்டம் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து மாட்டியிருந்தது அவருடைய கேவியட் மனு.

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தில் கேவியட்டுக்குப் பொட்டு வைத்து மாட்டியவரை நான் பார்த்ததே இல்லை.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். முகமெல்லாம் பெருமை. “இது இருக்கிற வரைக்கும் நம்மளைக் கேக்காம கோர்ட்ல ஒண்ணும் செய்ய முடியாதாம்லா சார்? அப்படித்தான?”

“ஆமாங்க. கேவியட்னா அதுதான்” என்றேன்.

சொன்னது பொய் இல்லை. அதற்குள் என் கண் கோர்ட்டு முத்திரையில் இருந்த தேதிக்குப் போய்விட்டது. மனசுக்குள் விரல் விட்டு எண்ணிவிட்டேன். இன்னும் பதிமூன்று நாள். பதினான்காம் நாள் என்ன கிழமை, என்ன நாள் என்றும் பார்த்தேன். யா அல்லா, தசரா லீவுக்குக் கோர்ட்டு மூடுவதற்கு முந்தின கடைசி வேலை நாள்!

வக்கீலுக்கு அந்த இடத்தில் மூளை ஓடுகிற வேகம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. லீவுக்கு முந்தின நாள் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை வாங்கலாம். சரக்குக்கு சீல் வைக்கலாம். அவர் அதை உடைக்க லீவு முடிந்துதான் வர வேண்டும். அதற்குள் வடக்கே போகிற லோடெல்லாம் போய்விட்டிருக்கும். தீபாவளி போன பிறகு புஸ்வாணத்தை வைத்துக்கொண்டு ஆள் என்ன செய்வான்? எல்லாம் அவர் வாங்கிக் கொடுத்த கலர் பாட்டில் காலியாவதற்குள் என் தலைக்குள் முடிந்துவிட்டது.

அப்போதுதான் அவர் மனைவி வாயைத் திறந்தார். என்னிடம் இல்லை, கணவரிடம். “லைசென்ஸைப் புதுப்பிக்கோம்ல. அதைப்போல இதையும் புதுப்பிக்கணுமோ என்னமோ. கேளுங்களேன்.”

“ஏ, கூறுகெட்டவளே, நீ சும்மா இரு” என்று அவர் சிரித்தார். “லைசென்ஸுன்னா இத்தனாந்தேதி வரைக்கும்னு அதுலயே அடிச்சிருப்பான். இதுல எங்கனயாவது முடியுற தேதி போட்டிருக்கா, பாரு. போடலைன்னா என்ன அர்த்தம்? அதுக்கு முடிவு கிடையாதுன்னு அர்த்தம். என்ன சார்?”

என்ன சார் என்று கேட்டார். கேள்விதான் அது. ஆனால் பதிலுக்குக் காத்திருக்கிற கேள்வி இல்லை, பேச்சு முடிகிற இடத்தில் நாம் எல்லோரும் கேட்பதுதான். நான் அந்தப் பொந்துக்குள் புகுந்துகொண்டேன். பாட்டிலைக் கீழே வைத்தேன். “அப்ப நான் வரேங்க” என்றேன். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்தம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது வருடமாக நான் எனக்கே சொல்லிக்கொள்கிற சமாதானம் ஒன்று உண்டு. நான் எதிராளியின் வக்கீல், அவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை, அது அவருடைய வக்கீல் வேலை. சரிதான். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அது சரிதான். அப்படியானால் அண்ணாச்சியிடம் அந்தப் போட்டோவைப் பற்றி ஏன் சொல்லவில்லை? அது என் வேலைதானே? சொல்லியிருந்தால் அந்த மனிதர் 'சரி விடுங்க, அவன் மகளா அது' என்று கேஸையே விட்டிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. “பேச்சு ஒத்துவரலை அண்ணாச்சி. மேற்கொண்டு நான் பார்த்துக்கிடுதேன்” என்று மட்டும் சொன்னேன். பெரிய கம்பெனி வழக்கு ஒன்று முதன்முதலாகக் கைக்கு வந்திருக்கிறது, அதை எங்கே விட்டுவிடுவேனோ என்ற பயம். பிழைப்புப் பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. பேர் வாங்குகிற வெறி.

தொண்ணூற்றொன்றாம் நாள் காலையில் கோர்ட்டு திறந்ததும் வழக்கைத் தாக்கல் செய்தேன். பிரதிவாதி வாதியின் படத்தை வேண்டுமென்றே பார்த்துப் போட்டிருக்கிறார் என்று மனுவில் எழுதியது நான்தான். அண்ணாச்சி என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். கேவியட் ஏதும் நிலுவையில் இல்லை என்று கோர்ட்டு ஆபீஸில் குறித்துக் கொடுத்தார்கள். அவருடைய வக்கீல் புதுப்பிக்கவில்லை. என் குமாஸ்தா ஒருவன் இருந்தான், எமகாதகன், அவனே “அண்ணே, எப்படிண்ணே இதைப் பிடிச்சீங்க?” என்று வாயைப் பிளந்தான். சாயங்காலத்துக்குள் தடை உத்தரவும், சரக்கைக் கணக்கெடுத்துப் பூட்டி சீல் வைக்க அட்வகேட் கமிஷனர் நியமனமும் கையில் வந்துவிட்டன. அன்று எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

சீல் வைக்கப் போனபோது நோன்பு தொடங்கி இரண்டாம் நாள். நானும் நோன்புதான். கமிஷனராக வந்தவர் எனக்கு ஜூனியரான ஒரு பெண் வக்கீல். நல்ல பெண், வேலையைக் கவனமாகச் செய்கிறவர். அவர் உத்தரவைப் படித்துக் காட்டினார். அந்த மனிதர் அதைக் கேட்டுப் பதறவே இல்லை. “இருங்கம்மா, ஒரு நிமிசம்” என்று ஆபீஸுக்குள் போனார். சுவரிலிருந்து கேவியட்டைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்து, கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து, அவரிடம் நீட்டினார்.

“நம்மளைக் கேக்காம ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு கோர்ட்லயே பேப்பர் கொடுத்திருக்கும்மா. தெரியாம வந்துட்டீக போல.”

அந்தப் பெண் வாங்கித் தேதியைப் பார்த்தார். “ஐயா, இது தொண்ணூறு நாளைக்குத்தான் செல்லும். போன வாரத்தோட முடிஞ்சுபோச்சு” என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்தேன். உதவிக்குக் கூப்பிடுகிற முகம் அது. “சார், நீங்க சொல்லுங்க சார் இவுகளுக்கு. நீங்கதான அன்னைக்கு வந்து பார்த்தீக.”

“கோர்ட்டு ஆர்டருங்க. நாம ஒண்ணும் செய்றதுக்கில்லை” என்றேன். நாம என்று சொன்னேன், பாருங்கள், என்னமோ நானும் அவரும் ஒரு கட்சி மாதிரி.

கேட்டுக்கு வெளியே அரக்கை உருக்கிக் கொண்டுவந்து பூட்டின் மேல் விட்டார்கள். வேலைக்கு வந்த பெண்கள் ஷெட் வாசல்களில் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளி போனஸ் அந்தச் சரக்கில்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் மனைவி மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், அதுவும் கணவரிடம்தான். “இவுக அன்னைக்கே தேதியைப் பார்த்தாக. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.” அவர் “ஏய்” என்று அடக்கினார்.

அன்று மாலை நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது நடந்ததையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். வீரப்பிரதாபமாகத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அவர் கேட்டப்ப நீங்க என்னதான் சொன்னீங்க?” என்றாள். கேவியட் என்றால் என்ன என்று சொன்னேன் என்றேன். “அதைக் கேக்கலை அவர்” என்றாள். பிறகு எழுந்துபோய்த் தொழுகைக்கு நின்றுவிட்டாள். எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. உங்களுக்கெல்லாம் தொழில் என்றால் என்னவென்று தெரியுமா என்று அவள் முதுகைப் பார்த்துச் சத்தம் போட்டேன். சரியான இடத்தில் அடி பட்டால்தானே மனுசனுக்கு அப்படிக் கோபம் வரும்.

மற்றதெல்லாம் நான் கணக்குப் போட்டபடியே நடந்தது. லீவு முடிந்து அவருடைய வக்கீல் தடையை நீக்க மனுப் போட்டார், போட்டோவையும் சேர்த்திருந்தார். நான் பதில் சொல்லக் கால அவகாசம் கேட்டேன். கொடுத்தார்கள், எப்போதும் கொடுப்பதுதான். தீபாவளி வந்தது, போனது. அடைமழையும் வந்தது. பூட்டிய அறையில் சரக்கு ஈரம் வாங்கிவிட்டது. ஈரம் வாங்கிய பட்டாசை வைத்திருப்பதே ஆபத்து என்று அழிக்கச் சொல்லிவிட்டார்கள். இனி அந்தப் படம் போடுவதில்லை என்று அவர் எழுதிக் கொடுக்க, வழக்கு சமாதானமாக முடிந்தது. யார் படம் யாரைப் பார்த்துப் போட்டது என்று கடைசிவரை எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை. அடுத்த சீசனுக்கு அவரால் எழ முடியவில்லை. ஆலை வேறொருவர் கைக்குப் போயிற்று. போட்டோவைக் கோர்ட்டில் பார்த்த அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, “நான் அம்புட்டுத் தூரம் போகச் சொல்லலையே சார்” என்றார். ஆனாலும் கம்பெனிக் கேஸெல்லாம் அதிலிருந்து என்னிடம்தான் வந்தது. யோக்கியன் வருகிறான், சொம்பை எடுத்து உள்ளே வை என்பார்களே, அந்த மரியாதைதான் அது என்று இப்போது தோன்றுகிறது.

அது நடந்து பத்து வருடம் முடிகிற சமயம், வேறொரு கம்பெனிக்கு ஒரு காலை வேளையில் போயிருந்தேன். விஸ்வநத்தம் தாண்டி. ஆள் கொண்டுவரும் வேன்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தன. இறங்குகிறவர்களிடம் தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்த போர்மேன் நிமிர்ந்தார். அவர்தான். மீசை நரைத்திருந்தது. நான் திரும்பி நடக்கப் பார்த்தேன், அதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார்.

“சார்! நல்லா இருக்கீகளா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” வேன்காரரிடம் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு வந்து நின்றார். மகள் விருதுநகரில் காலேஜ் படிக்கிறாளாம். எனக்கு ஒரே வேண்டுதல், பழசை எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று.

எடுத்தார். ஆனால் கோபமாக இல்லை, நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற கூச்சத்தோடு.

“சார், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கிடக் கூடாது. எங்க வீட்டுக்காரி இன்னைய வரைக்கும் சொல்லிக்கிட்டே திரியுதா, அன்னைக்கு வந்த வக்கீல் சாருக்கு அந்தத் தொண்ணூறு நாள் கணக்கு தெரிஞ்சேதான் பேசாம இருந்தாகன்னு. நான் அவகிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன் சார். நம்ம வீட்டுக் கலரைக் குடிச்ச மனுசன், தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லாமலா போவாக, அவுகளுக்கே அப்பத் தெரிஞ்சிருக்காதுன்னு. உங்களுக்குத் தெரியாதுதான சார்?”

கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகளை 'ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில் பதில் சொல்லு' என்று நான் மிரட்டியிருக்கிறேன்.

“தெரியாதுங்க” என்றேன்.

“அதான! நான் சொல்லலை?” அவர் முகம் அப்படி மலர்ந்தது. என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். “இன்னைக்குப் போனதும் முதல் வேலையா அவகிட்டச் சொல்லிருதேன் சார். சாரே சொன்னாகன்னு சொல்லிருதேன்.”

வேனிலிருந்து மற்றவர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். அவர் சந்தோஷமாகப் போய் வேலையைப் பார்த்தார். அந்தம்மா நம்பியிருக்க மாட்டார்.